சபிஹாவின் வீடு நாகூரில் இருக்கிறது

ஷார்ஜாவில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு நன்னிலத்துக்குத் திரும்பி வந்த சித்தீக்கை, வெயிலில் வாடி வந்தவர் என்றே ஊரார் எண்ணிக்கொண்டார்கள். உண்மையில் அவர் குளிரில் வாடி வந்தவர். துறைமுகத்தை ஒட்டிய ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்கில், உறைய வைத்த கோழியும் ஆட்டிறைச்சியும் அடுக்கியிருக்கும் அறைகளின் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவருடைய பணியாக இருந்தது. கதவைத் திறந்து உள்ளே போனால் மூச்சே வெண்புகையாக உறையும் குளிர். வெளியே வந்தால் கண்ணைத் திறக்க முடியாத வெயில். இரண்டுக்கும் நடுவே நாள்தோறும் போய் வந்ததில் அவருடைய கைவிரல்கள் மெல்ல மெல்ல மரத்துப்போயின. இனிக் குளிர் அறைக்குள் போகக் கூடாது என்று அங்கிருந்த மருத்துவர் சொன்ன பிறகு, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல், தொண்ணூற்றேழாம் ஆண்டு நோன்பு தொடங்கும் சமயத்தில் அவர் ஊர் வந்து சேர்ந்தார்.

"பாலைவனத்துல இருந்து வந்தவனுக்குக் குளிருதாம். கேட்டீங்களா இந்தக் கூத்தை?" என்று அவருடைய அண்ணன் மீரா உசேன், தம் அரிசிக் கடைக்கு வருவோரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

நன்னிலத்தில் சித்தீக்கின் தொழிலுக்கு வேலை இல்லை. சுற்றிலும் நெல் விளையும் ஊர்கள். களத்தில் காய வைக்கவும் ஆலையில் அவிக்கவும் சூடுதான் வேண்டும். குளிரை யாரும் கேட்பதில்லை. ஆனால் கிழக்கே போனால் கடற்கரை இருந்தது. வெளிநாடுகளுக்கு இறால் அனுப்பும் தொழில் அந்த ஆண்டுகளில் திடீரென்று பெருகியிருந்தபடியால், கடலோரம் நெடுகிலும் ஐஸ் ஆலைகளும் பதனக் கூடங்களும் எழும்பியிருந்தன. அவற்றின் கம்ப்ரசர் நின்றுபோனால் சரி செய்வதற்கு வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது. கம்ப்ரசர் என்பது குளிரை உள்ளே வைத்துவிட்டுச் சூட்டை வெளியே தள்ளுகிற இயந்திரம். அதன் சூடான பக்கத்தில் நின்று செய்யும் வேலையென்றால் தம் விரல்கள் ஒத்துழைக்கும் என்று சித்தீக் நம்பினார்.

ஆகவே, மனைவி சபிஹாவோடும் ஆறு வயது மகள் மர்யமோடும் வெதுவெதுப்பான ஒரு கடற்கரை ஊருக்குக் குடிபெயர்வது என்பதில் வீட்டில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்கவில்லை. எந்த ஊர் என்பதில்தான் யோசனை. எந்த ஊர் கூடாது என்பது மட்டும் யாரும் சொல்லாமலே முடிவாகியிருந்தது. அது நாகூர்.

காரணம், சபிஹாவுக்கு நாகூரில் ஒரு வீடு இருந்தது.

இதைச் சற்று விளக்கிச் சொல்வது நலம். நாகூர் போன்ற கடற்கரை ஊர்களில், பல முஸ்லிம் குடும்பங்களில் பெண்ணுக்குத்தான் வீடு. பெண் பிறந்தவுடனேயே அவளுக்கென்று ஒரு வீட்டைப் பற்றித் தகப்பனார் நினைக்கத் தொடங்கிவிடுவார். நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்வார். அதில் யாருக்கும் தாழ்வில்லை. அவருடைய தகப்பனாரும் அப்படி வந்தவராகவே இருப்பார். ஆனால் உள்நாட்டு ஊரான நன்னிலத்தில் வழக்கம் வேறு. இங்கே பெண்தான் மாப்பிள்ளை வீட்டுக்கு வர வேண்டும். மனைவி வீட்டுக்குப் போய்த் தங்குகிற ஆணுக்கு 'வீட்டோடு மாப்பிள்ளை' என்று பெயர். அந்தப் பெயரை முதுகுக்குப் பின்னால் சொல்பவர்களை விட முகத்துக்கு நேரே சொல்பவர்களே அதிகம்.

திருமணப் பேச்சின்போதே, மாப்பிள்ளை வெளிநாட்டில் இருப்பவர் என்பதால் பெண் நன்னிலத்தில் மாமியாருடன் இருக்கட்டும் என்று இவர்கள் தரப்பில் கேட்டுக்கொண்டார்கள். சபிஹாவின் தகப்பனார் சேக் தாவூது மறுக்கவில்லை. ஆனால் வீடு கட்டுவதையும் அவர் நிறுத்தவில்லை. கட்டி முடித்து, மகள் பெயருக்கு எழுதி, பூட்டி வைத்தார். "குடுக்க வேண்டியது என் கடமை. இருக்குறதும் இல்லாததும் அவங்க பிரியம்" என்றார்.

திருமணமாகிய இந்த எட்டு ஆண்டுகளில் சபிஹாவுக்கும் மாமியார் ஆமினா அம்மாளுக்கும் ஒரு மனத்தாங்கல் வந்ததில்லை. ஆமினா அம்மாள் அதட்டிப் பேசுபவர் அல்லர். சபிஹா குரலை உயர்த்துபவர் அல்லர். விடுமுறையில் வரும்போதெல்லாம், மனைவியின் துணிமணிகள் பீரோவில் இல்லாமல் கட்டிலுக்கு அடியில் சூட்கேசிலேயே இருப்பதைச் சித்தீக் பார்ப்பார். "பீரோவுல வைக்கக் கூடாதா?" என்று கேட்டால், "இருக்கட்டுங்க, எடுக்க வசதியா இருக்கு" என்பார் சபிஹா. அதற்கு மேல் அவர் கேட்டதில்லை. விடுமுறையும் அதற்குள் முடிந்துவிடும்.

பெருநாள் முடிந்த மறுவாரம் ஊர் தேடும் வேலை தொடங்கிற்று. புறப்படும் காலையில் மீரா உசேன் கடை வாசலில் நின்றபடியே வழியனுப்பினார்.

"பார்த்துப் போ தம்பி. பஸ்ஸுல தூங்கிடாதே. தூங்கினா நேரா நாகூர்ல கொண்டு போய் இறக்கிவிட்டுடுவான். அப்புறம் காலையில மாமனார் வீட்டுல இடியாப்பம், ராத்திரி மாமனார் வீட்டுல புரோட்டா. உடம்பு ஊதிப் போயிடும்."

"நான் தூங்க மாட்டேண்ணே."

"நீ தூங்க மாட்டே. உன் பொண்டாட்டி தூங்கவிடணுமே!"

சபிஹா தலையில் முக்காட்டைச் சரி செய்துகொண்டு, கேட்காதவர் போல மர்யமின் செருப்பு வாரை மாட்டினார். உள்ளேயிருந்து ஆமினா அம்மாள், "ஏன்டா காலங்காத்தாலேயே அதுகளைப் போட்டு வாங்குறே?" என்று மூத்தவரை அடக்கிவிட்டு, இளையவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "எந்த ஊரா இருந்தாலும் சரிப்பா. வாடகை வீடா இருந்தாலும் சரி. உன் பேர்ல இருக்கட்டும்."

முதலில் வேளாங்கண்ணி பார்த்தார்கள். அங்கே வீட்டுக்காரர், திருவிழா நாட்களில் மட்டும் காலி செய்து கொடுத்துவிட வேண்டும், அந்த நாட்களில் யாத்திரிகர்களுக்கு விடுவது வழக்கம் என்றார். அடுத்தது காரைக்கால். வீடு காற்றோட்டமாகத்தான் இருந்தது; எதிரே சாராயக் கடையும் அதே காற்றோட்டத்தில் இருந்தது. மூன்றாவதாக, வேறொரு நாளில், தரங்கம்பாடி.

தரங்கம்பாடியில் கண்ணுசாமி என்பவர் ஓர் ஐஸ் ஆலையைக் கவனித்து வந்தார். படகுகளுக்குக் கட்டி ஐஸ் போடும் ஆலை. அன்று காலை சித்தீக் அங்கே போனபோது கம்ப்ரசர் தட்டுத் தடுமாறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, அனுமதி கேட்டுக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டார். நண்பகலுக்குள் அது சீராக ஓடத் தொடங்கிற்று.

"பாய், காலையில வரைக்கும் இழுப்பு வந்தவன் மாதிரி இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சு. நீங்க தொட்டதும் பாட்டு பாடுதே!" என்றார் கண்ணுசாமி.

"எண்ணெய் மாத்தி ரொம்ப நாளாச்சுங்க. அதான்."

"எண்ணெய் இருந்தா நாங்க மீன் வறுத்துடுவோம் பாய். மெஷினுக்கு யாரு ஊத்துறா?"

அவரே ஒரு வீட்டையும் காட்டினார். கடலுக்குச் செல்லும் தெருவில், வெள்ளை அடித்த சுவர்களும் சிவப்புத் தரையுமாக, சின்னதாக, அழகாக இருந்தது. சித்தீக் வாசலில் நின்று, தம் தொழிலுக்கு வேண்டிய வாயு உருளைகளை ஏற்றிய வண்டி திரும்பும் அளவுக்குத் தெரு அகலமா என்று பார்த்தார். அகலமாகவே இருந்தது. மாசி மாத வெயில் சன்னல் வழியாக வந்து தரையில் விழுந்து கிடந்தது. அந்த இடத்தில் சற்று நின்றுகொண்டிருந்தபோது, விரல்களில் இருந்த விறைப்புக் கொஞ்சம் விடுவது போல அவருக்குத் தோன்றியது. இதுதான் நம் ஊர் என்று மனம் சொல்லிற்று.

சபிஹா வீடு பார்க்கும் முறை வேறாக இருந்தது. மூன்று ஊர்களிலும் அவர் கூடத்தில் நிற்கவே இல்லை. நேராகச் சமையலறைக்குப் போய், கொல்லைக் கதவைத் திறந்து, வெளியே எட்டிப் பார்த்தார். இங்கேயும் அப்படித்தான் பார்த்தார். கொல்லையில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மதில் இருந்தது. அதன் மேல் உடைந்த கண்ணாடித் துண்டுகள் பதித்திருந்தன.

"பின்னாடி யாருங்க குடியிருக்காங்க?" என்று கேட்டார்.

"பின்னாடி யாரும் இல்லம்மா. சுவர்தான். ஒரு தொந்தரவும் கிடையாது" என்றார் கண்ணுசாமி பெருமையாக.

"நல்லதுங்க" என்று சொல்லி, சபிஹா கதவை மெதுவாகச் சாத்தினார்.

வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்வதாகக் கண்ணுசாமியிடம் கூறிவிட்டுப் பேருந்தில் ஏறினார்கள். மர்யம் சன்னல் ஓரத்தில் தூங்கிவிட்டாள்.

"பிடிச்சிருக்கா?" என்று கேட்டார் சித்தீக்.

"உங்களுக்குப் பிடிச்சிருந்தா சரிதாங்க."

எட்டு ஆண்டுகளாக எந்தக் கேள்விக்கும் அவர் பெற்றுவந்த பதில்தான் அது. இது வரையில் அந்தப் பதில் அவருக்கு வசதியாகவே இருந்தது. அன்று ஏனோ போதவில்லை. காரைக்கால் வந்ததும், "இவ்வளவு தூரம் வந்துட்டு மாமாகிட்டச் சொல்லாமப் போனா மரியாதையா இருக்காது. நாகூர் போயிட்டுப் போவோம்" என்றார். சபிஹா அவரைத் திரும்பிப் பார்த்தார். 

சேக் தாவூது மனைவியை இழந்தவர். நாகூர்க் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். மருமகனைக் கண்டதும் கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு அழைத்து வந்து, தம் கையாலேயே தேநீர் கொடுத்தார். செய்தியைக் கேட்டுக்கொண்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தார்.

"தரங்கம்பாடி நல்ல ஊர் மருமவனே. காத்து சுத்தமா இருக்கும். அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்." பிறகு மகளைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப அந்த வீட்டை வாடகைக்கு விட்டுடலாமா, புள்ள? எத்தனை நாளைக்குப் பூட்டியே வைக்கிறது? கேட்டுக்கிட்டு இருக்காங்க."

"விட்டுடுங்க வாப்பா" என்றார் சபிஹா.

"ஒரு தடவை திறந்து பார்த்துட்டுச் சொல்லு. உன் வீடு. நீ பார்க்காம நான் எப்படி விடுறது?"

வீடு அடுத்த தெருவில் இருந்தது. திறப்பு நாளன்று விருந்தாளியாக வந்து கூடத்தில் அமர்ந்து சாப்பிட்டதைத் தவிர, சித்தீக் அதை நன்றாகப் பார்த்ததில்லை. உயரமான கூரை, மேலே காற்றுப் போக்கிகள், கூடத்தின் இரு புறமும் அறைகள். அவர் முன்வாசல் அருகே ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்கார்ந்தார். சபிஹா உள்ளே போனார். கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை விலக்கும் சத்தம் கேட்டது.

அடுத்து நடந்ததைச் சித்தீக் கண்ணால் பார்க்கவில்லை, காதால்தான் கேட்டார். அந்தத் தெருவின் கொல்லைகளுக்கு நடுவே மதில்கள் இல்லை. ஒரு வீட்டுக் கொல்லையிலிருந்து அடுத்த வீட்டுக் கொல்லைக்குப் பெண்கள் தெருவுக்கு வராமலே போய் வரலாம். கதவு திறந்த சத்தம் கேட்டதோ இல்லையோ, எங்கிருந்தோ ஒரு குரல் ஓடி வந்தது.

"அடியே, கதவு திறந்திருக்குடி! யாரது, திருடனா, சபிஹாவா?"

"திருடன் வந்தா உன் வீட்டுக்குல்ல வருவான் ஜுலைகா. இங்க என்ன இருக்கு, ஒட்டடைதான்!"

"நன்னிலத்துல நெல்லு அவிச்சு அவிச்சு உன் முகமும் அவிஞ்சு போச்சேடி."

"உன் நாக்கு மட்டும் இன்னும் அவியாம அப்படியே இருக்கு பாரு!"

தொடர்ந்து ஒரு பெரிய சிரிப்பு எழுந்தது. அதைப் பின்பற்றி இன்னும் இரண்டு மூன்று பெண்களின் குரல்கள். யாரோ மர்யமைத் தூக்கிக் கொஞ்சினார்கள். யாரோ ஒரு கிண்ணத்தைக் கொண்டு வந்து வைத்து, "தின்னுட்டுப் பேசுடி" என்று அதட்டினார்கள். சித்தீக் நாற்காலியில் அசையாமல் இருந்தார். அந்தச் சிரிப்பு எவருடையது என்பது அவருக்கு முதலில் புரியவில்லை. அதைத் தம் வீட்டில் அவர் கேட்டதே இல்லை. தம் மனைவியின் குரல் இவ்வளவு உரத்தது என்பதையும், அதில் இத்தனை குறும்பு உண்டு என்பதையும், திருமணமாகி எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துதான் அவர் தெரிந்துகொண்டார்.

பெண்கள் போன பிறகு, முகமெல்லாம் சிவந்து, முந்தானையால் வியர்வையைத் துடைத்தபடி சபிஹா கூடத்துக்கு வந்தார். கணவரைப் பார்த்ததும் வழக்கமான தணிந்த குரலுக்குத் திரும்பினார். "நேரமாச்சுங்க. வாப்பாகிட்டச் சொல்லிட்டுப் புறப்படலாமா?"

"சபிஹா, உட்காரு" என்றார் சித்தீக். "நான் ஒண்ணு யோசிச்சேன். நாம இங்கேயே இருக்கலாம்."

சபிஹா நின்றபடியே இருந்தார்.

"நாகப்பட்டினத்துலயும் ஆலை இருக்கு, காரைக்கால்லயும் இருக்கு. ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தா தரங்கம்பாடிக்கும் போய் வந்துடலாம். எல்லாத்துக்கும் நடுவுல இருக்குற ஊர் இதுதான். ஆனா சும்மா இருக்கக் கூடாது. முறையா இருக்கணும். வெளியாளுக்கு விட்டா மாமா என்ன வாடகை கேட்பாங்களோ, அதை மாசா மாசம் நான் குடுத்துடுறேன். உன் பேருக்கே குடுக்குறேன். அப்ப அண்ணனும் ஒண்ணும் பேச முடியாது. நான் வாடகை குடுத்து இருக்கேன்னு சொல்லிடலாம்."

மிக நியாயமான ஒரு யோசனையைத் தாம் சொல்லிவிட்டதாகவே அவர் நினைத்தார். சபிஹாவின் முகம் மாறியதைக் கண்ட பிறகுதான், எங்கோ தவறிவிட்டது என்று அவருக்கு விளங்கிற்று. சபிஹா கோபித்துக்கொள்ளவில்லை. கண்கள்தாம் நிறைந்துவிட்டன.

"வாடகை குடுக்குறவங்க ஒரு நாள் காலி பண்ணிட்டுப் போயிடுவாங்க" என்றார். "எட்டு வருஷத்துல நீங்க காலி பண்ணிட்டுப் போனதைத்தான் நான் அதிகமாப் பார்த்திருக்கேன். வருவீங்க. பெட்டியைத் திறப்பீங்க. மறுபடியும் கட்டுவீங்க. இப்பத்தான் வந்திருக்கீங்க. வந்தவுடனே என்கிட்டயே குடியிருக்க வர்றேங்கிறீங்க."

"நான் அந்த அர்த்தத்துல சொல்லல..."

"தெரியுங்க. அண்ணனுக்குப் பதில் சொல்றதுக்காகச் சொன்னீங்க. அப்படி வேணாம். தரங்கம்பாடி வீடு நல்லாத்தான் இருக்கு. அங்கேயே போவோம். உங்களுக்குத் தலை குனிவு வர்ற மாதிரி ஒரு வீடு எனக்கு வேண்டாம்."

அவர் இதை மனமாரத்தான் சொன்னார். அதுவே சித்தீக்குக் கடினமாக இருந்தது.

"ஒண்ணு கேட்கட்டுமா? உண்மையைச் சொல்லணும்" என்றார் அவர். "நன்னிலத்துல உனக்கு என்ன குறை? அம்மா ஏதாச்சும் சொன்னாங்களா?"

சபிஹா வேகமாகத் தலையை ஆட்டினார். "மாமி என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல. சத்தியமா." சற்று நேரம் முந்தானை ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "எங்க உம்மா மவுத்தாகுற வரைக்கும், 'என் வீட்டை விட்டு வெளியே போ'ங்கிற பேச்சை யாருகிட்டயும் கேட்டதில்லங்க. சண்டை வந்தா வாப்பாதான் சட்டையை மாட்டிக்கிட்டுக் கடைக்குப் போவாங்க. உம்மா இருந்த இடத்துலயே இருப்பாங்க. மாமி என்கிட்ட அப்படிச் சொன்னதில்ல, சொல்லவும் மாட்டாங்க. ஆனா சொல்லலாம். நினைச்சா சொல்ல முடியும். அது ஒண்ணுதாங்க வித்தியாசம். அதுக்காகத்தான் நான் எப்பவும் மெதுவாப் பேசுறது."

தெருவில் ஒரு மிதிவண்டி மணியடித்துக்கொண்டு போயிற்று. கொல்லையில் மர்யம் யாருடனோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய குரலும் உரத்துத்தான் இருந்தது.

"அப்ப, இந்த வீட்டுல நான் என்னவா இருப்பேன்?" என்று கேட்டார் சித்தீக். சிறுபிள்ளை கேட்பது போல அவரை அறியாமல் அந்தக் கேள்வி வந்துவிட்டது.

சபிஹாவுக்குக் கண்ணீரோடு சிரிப்பும் வந்தது. "என் மச்சானா இருங்க. மர்யமுக்கு அத்தாவா இருங்க. சண்டை வந்தா சட்டையை மாட்டிக்கிட்டு மெஷினைப் பார்க்கப் போங்க. வேற என்ன வேணும்?"

 சித்தீக் எழுந்து, தாம் உட்கார்ந்திருந்த நாற்காலியை முன்வாசலிலிருந்து தூக்கிக் கூடத்தின் நடுவில் கொண்டுவந்து போட்டார்.

"மாமாகிட்ட வாடகைக்கு விட வேண்டாம்னு நீயே சொல்லிடு" என்றார். "நன்னிலத்துல நான் சொல்றேன்."

மறுநாள் காலை பசியாறும் வேளையில் அவர் சொன்னார். தொலைபேசிக் கடையிலிருந்து கண்ணுசாமியிடம் பேசிவிட்டு வந்த கையோடு சொன்னார். கண்ணுசாமிக்கு வீட்டைப் பற்றிய வருத்தம் இல்லை. "நீங்க எந்த ஊர்ல தூங்கினா எனக்கென்ன பாய்? மெஷின் தூங்கினா வந்து எழுப்பணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார். ஆனால் அண்ணன், கண்ணுசாமியைப் போன்றவர் அல்லர்.

"எந்த ஊர்?" என்றார் மீரா உசேன், கையிலிருந்த ஆப்பத்தைத் தட்டில் வைத்துவிட்டு.

"நாகூர்ண்ணே."

"யாரு வீடு?"

"சபிஹா வீடு."

"வாடகைக்கா?"

 'ஆமாம்' என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். சமையலறை வாசலில் சபிஹா தேநீர்த் தட்டோடு நின்றிருந்தார்.

"இல்லண்ணே. சும்மாதான். அவ வீட்டுக்கு நான் போறேன்."

மீரா உசேன் கைகொட்டிச் சிரித்தார். "அல்லாஹ்வே! பதினோரு வருஷம் ஷார்ஜாவுல உழைச்சுட்டு வந்து கடைசியில வீட்டோட மாப்பிள்ளையா! தாராளமாப் போ தம்பி. காலையில எழுந்திருச்சு மாமனாருக்குச் சலாம் சொல்லு. அவங்க அரிசியைத் தின்னு, அவங்க ஃபேனுக்குக் கீழே படு. கடைத்தெருவுல என்னைக் கேட்டா நான் என்ன சொல்ல?"

"நான் சொன்னதையே சொல்லுங்கண்ணே. அதான் உண்மை."

தம்பியின் குரலில் கோபம் இல்லாதது மீரா உசேனைக் குழப்பிவிட்டது போலும். அவர் எதிர்பார்த்தது சண்டை.  ஆப்பத்தை மீண்டும் எடுத்துக்கொண்டு, "அரிசியாவது நம்ம கடை அரிசியைத் தின்னு. மாசம் ஒரு மூட்டை அனுப்புறேன். அந்த ஊர்ல மண்ணையும் கல்லையும் கலந்து விக்கிறானுங்க" என்று முணுமுணுத்தார்.

 உன் பேரில் இருக்கட்டும் என்று சொன்னவர் ஆமினா அம்மாள். அந்தச் சொல் தட்டப்பட்டதை அவர் முகம் மறைக்கவில்லை. தேநீர்க் குவளையின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மகனை நிமிர்ந்து பார்த்தார்.

"அடை மழையில எனக்கு இந்த ஊர் ஈரம் நெஞ்சைப் பிடிக்குது. நீ கடற்கரையில வீடு எடுத்தா நானும் கொஞ்ச நாள் வந்து இருக்கலாம்னு நினைச்சிருந்தேன்" என்றார். "சரி, அது கிடக்கட்டும். இப்ப நான் வரணும்னா யாருகிட்டக் கேட்டுக்கிட்டு வரணும்?"

மிகவும் மரியாதையான குரலில் கேட்கப்பட்ட கேள்விதான் அது. ஆயினும் அதற்குள் இருந்த முள்ளை அங்கிருந்த எல்லோரும் உணர்ந்தார்கள். 'நம்ம வீடும்மா, எப்ப வேணா வாங்க' என்ற பதில் சித்தீக்கின் நாவு வரை வந்துவிட்டது. எந்த மகனும் தாயிடம் சொல்லக் கூடிய பதில். ஆனால் அதைச் சொல்லும் உரிமை தம்முடையது அல்ல என்பதை நேற்றுத்தான் அவர் அறிந்திருந்தார்.

"சபிஹாகிட்டதாம்மா கேட்கணும்" என்றார்.

மீரா உசேன் மெல்லுவதை நிறுத்திவிட்டார். ஆமினா அம்மாளின் கை குவளையின் மேல் நின்றது. மாமியார் மருமகளைப் பார்த்தார்.  பதினைந்து வயதில் இந்த வீட்டுக்குள் வந்து, தம் மாமியாரிடம் எத்தனையோ முறை 'வெளியே போ' என்ற சொல்லைக் கேட்டு, அதைத் தம் மருமகளுக்கு ஒருமுறையும் சொல்லாதிருந்தவர் ஆமினா அம்மாள். இருவருக்குமிடையே அது பேசப்பட்டதே இல்லை. ஆனால் வீட்டு வேலையின் நடுவே, அரிசி புடைக்கும்போதும் வெங்காயம் உரிக்கும்போதும், மூத்தவர் பாதியில் நிறுத்திய பல கதைகளிலிருந்து இளையவர் அதைத் தெரிந்துவைத்திருந்தார்.

சபிஹா தட்டைக் கீழே வைத்தார். மாமியாருக்கு எதிரே தரையில் அமர்ந்தார்.

"மாமி, அங்க ரெண்டு ரூம் இருக்கு" என்றார். நன்னிலத்து வீட்டில் அது வரையில் எவரும் கேட்டிராத, தயக்கமில்லாத குரலாக அது இருந்தது. "கிழக்குப் பக்க ரூமுல நாள் முழுக்கக் கடல் காத்து அடிக்கும். மேற்குப் பக்க ரூமுல மத்தியானத்துக்கு மேல வெயில் வரும், சாயங்காலம் வரைக்கும் சுவரெல்லாம் சூடாவே இருக்கும். உங்க நெஞ்சுக்கு எது நல்லதுன்னு நீங்கதான் சொல்லணும். நீங்க எடுத்துக்கிட்டது போக மிச்சத்தை நாங்க எடுத்துக்கிறோம்."

 எந்த ஊரில், எந்த வீட்டில், எந்த அறை வேண்டும் என்று ஆமினா அம்மாளை அதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் எப்படிப் பதில் சொல்வது என்பது அவருக்குப் பழக்கமில்லாத காரியமாக இருந்தது. இளைய மகனைப் பார்த்தார், மூத்த மகனைப் பார்த்தார்.

"வெயில் வர்றது" என்றார், கடைசியில். பிறகு, தாம் அதிகமாகக் கேட்டுவிட்டோமோ என்று அஞ்சியவர் போல, "அதுல சன்னல் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு மாமி" என்றார் சபிஹா. "கொல்லைப் பக்கம் பார்த்து இருக்கு. காலையில எழுந்ததும் அதை மட்டும் திறந்துடாதீங்க. அப்புறம் பக்கத்து வீட்டு ஜுலைகா வந்து உட்கார்ந்தா உங்களைப் பசியாறவே விட மாட்டா."

"வரட்டுமே" என்றார் ஆமினா அம்மாள்.